இறவாரத்தில் பதினேழு

நாங்கள் உள்ளே போனபோது அந்தச் சாப்பாட்டுக் கூடத்தில் மொத்தம் பத்தொன்பது பேர் இருந்தார்கள். வெள்ளைக்காரர்கள் ஐந்து பேர், அதில் ஒன்று கைக்குழந்தை. வடநாட்டுக் குடும்பம் ஒன்று, ஆறு பேர். ஒரே மாதிரி பனியன் போட்ட இளவட்டங்கள் மூன்று பேர். பரிமாறுகிறவர்கள் நான்கு பேர். வெள்ளைத் தொப்பி வைத்த சமையல்காரர் ஒருவர். கூட்டிப் பாருங்கள், சரியாக வரும். எங்களோடு இருபத்தொன்று. அத்தனை பேரில் காலில் செருப்பில்லாமல் இருந்தது நாங்கள் இரண்டு பேர்தான். கைக்குழந்தையையும் சேர்த்தால் மூன்று.

இல்லை தம்பி, அந்த ஜன்னல் பக்கத்து இடத்துக்கு ஆள் வருகிறது. அதனால்தான் பையைப் போட்டு வைத்திருக்கிறேன். தப்பாக நினைக்காதீர்கள். பின்னால் இன்னும் இடம் இருக்கிறது. இந்த பஸ்ஸில் மொத்தம் ஐம்பத்திரண்டு இடம், இதுவரை உட்கார்ந்திருப்பது முப்பத்தாறு பேர். வேண்டாமா? கடைசி சீட்டு தூக்கிப் போடும் என்கிறீர்கள். அதுவும் சரிதான். அப்படியே நில்லுங்கள், நாலே காலுக்குத்தான் எடுப்பார்கள். இப்போது மணி மூன்று நாற்பத்திரண்டு.

நான் பொதுவாக யாரிடமும் வலியப் பேசுகிறவன் இல்லை. பையில் ஓட்டல் பெயர் எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு, அங்கேயா தங்கியிருந்தீர்கள் என்று நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். தங்கவில்லை. சாப்பிட்டோம். ஒரு வேளை. விலையைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்கள் நிற்கிற இடத்திலேயே உட்கார்ந்துவிடுவீர்கள்.

எனக்கு ஊர் பேராவூரணிப் பக்கம். பெயர் வைரக்கண்ணு. தேங்காய் மண்டியில் காய் எண்ணுகிறவன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. ஆனால் கைக்கு இரண்டாக எடுத்துப் போட்டு, ஒரு மணி நேரத்தில் எத்தனை ஆயிரம் காய் எண்ணுவேன் என்று எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நாளைக் காலையில் மண்டிக்கு லோடு வருகிறது. நான் இல்லாமல் எண்ணிக்கை தொடங்கினால் மதியத்துக்குள் அடிதடியில் முடியும். அதனால்தான் இந்த பஸ்ஸை விட முடியாது. தஞ்சாவூருக்கு நேர் பஸ் இது ஒன்றுதான். விட்டால் மூன்று பஸ் மாற வேண்டும்.

வரப்போகிறது யார் என்று கேட்டீர்கள். என் மனைவி. தையல்நாயகி.

மூன்று நாள் பயணம் இது. முதல் நாள் சிதம்பரம், இரண்டாம் நாள் பாண்டிச்சேரி, மூன்றாம் நாள் இந்த மகாபலிபுரம். தங்கியது சத்திரத்தில். ஆட்டோ ஒரு தடவைகூட ஏறவில்லை. வீட்டிலிருந்து இரண்டு தூக்குச் சட்டியில் புளிச்சோறு கொண்டு வந்தோம். ஒன்று நேற்றுக் காலி. இன்னொன்று இன்றைக்கு மதியத்துக்குச் சரியாக இருந்தது. அதையும் சொல்ல வேண்டும். சோறு இருக்கும்போதே நடந்தது இது.

காலையில் கோயில் பார்த்துவிட்டுக் கடற்கரையோரமாகவே நடந்தோம். ஒரு கம்பி வேலிக்குப் பக்கத்தில் வந்ததும் அவள் நின்றுவிட்டாள். உள்ளே பெரிய ஓட்டல். நீலத் தண்ணீர்த் தொட்டி, சாய்வு நாற்காலிகள். கடலைப் பார்த்தபடி கீற்றுக் கூரை போட்ட பெரிய கூடம். அதற்கு முன்னால் மணலில், குடை விரித்த மாதிரி வட்டக் கூரைகள் ஏழு.

"என்னங்க, கூரையப் பாருங்க."

"பாத்தாச்சு. வா."

"மாசிலாமணி சொன்னது இதுதாங்க."

மாசிலாமணி எங்கள் பக்கத்துக் கீற்று வியாபாரி. என் மனைவி முப்பத்தொரு வருஷமாகத் தென்னங்கீற்று முடைகிறாள். அவளும் தெருப் பெண்களும் முடைவதை அவன் லாரியில் ஏற்றிப் போவான். போன தையில் வந்தபோது, "ஒங்க கீத்தெல்லாம் மகாபலிபுரத்துல வெள்ளைக்காரனோட கடல் பாத்துக்கிட்டு நிக்கிதுக்கா" என்று விளையாட்டாகச் சொல்லிவிட்டுப் போனான். அதைப் பிடித்துக்கொண்டுதான் இந்தப் பயணமே என்பது எனக்கு அந்த வேலி ஓரத்தில்தான் தெரிந்தது. சாமி கும்பிட வருகிறாள் என்று நினைத்திருந்தேன்.

முடைந்து கொடுத்த கீற்று எங்கே போகிறது என்று பார்க்க யாராவது புறப்படுவார்களா? நான் இத்தனை லட்சம் காய் எண்ணி அனுப்பியிருக்கிறேன். ஒரு காயின் பின்னாலாவது போயிருக்கிறேனா?

நாற்பத்தொன்று. ஐந்து பேர் ஏறினார்கள் பாருங்கள்.

வாசலில் காவல்காரர் மறித்தார். "பெரியவரே, இது தங்குறவங்களுக்கு."

நான் திரும்பிவிட்டேன். அவள் நகரவில்லை. "சாப்பாடு போடுவீங்கல்ல?"

"போடுவாங்க. ஆனா வெல ரொம்பம்மா."

"நா வெலயக் கேக்கலியே தம்பி. சாப்பாடு உண்டான்னுதான் கேட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன். பணம் அவளுடையது, முடைந்த காசு. இடுப்பில் முடிந்து வைத்திருந்தாள். அதில் நான் பேச முடியாது.

படியேறினதும் இரண்டு பேரும் செருப்பைக் கழற்றினோம். சாப்பிடுகிற இடத்துக்குள் செருப்போடு எப்படிப் போவது? உள்ளே போன பிறகுதான் பார்க்கிறேன், எல்லோரும் செருப்போடு, பூட்சோடு உட்கார்ந்திருக்கிறார்கள். திரும்பிப் போய்ப் போட்டுக்கொள்ளலாம் என்றால் அதற்குள் எல்லோரும் பார்த்துவிட்டார்கள். தரை ஐஸ் மாதிரி. கால் விரல்களை மடக்கிக்கொண்டே நடந்தேன்.

கடல் பக்கத்து மேசை ஒன்று காலியாக இருந்தது. சாப்பாட்டை நாமே போய் எடுத்துக்கொள்ள வேண்டுமாம். இரண்டு பேரும் எழுந்து போனால் இடம் போய்விடுமே என்று தோளில் கிடந்த துண்டை எடுத்து இரண்டு நாற்காலிக்கும் சேர்த்துப் போட்டேன். பரிமாறுகிற பையன் ஓடி வந்தான். சட்டையில் பெயர் குத்தியிருந்தது, இருதயராஜ் என்று. தூத்துக்குடிப் பக்கத்துப் பேச்சு.

"ஐயா, இது பஸ்ஸு இல்ல. ஒங்க சேர யாரும் தூக்கிட்டுப் போவ மாட்டாவ."

"இருக்கட்டும் தம்பி."

"இருபத்தஞ்சு மேச காலியாக் கெடக்குய்யா."

"இருபத்திரண்டு" என்றேன். அவன் எண்ணிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். துண்டு அங்கேயே கிடந்தது.

பாத்திரங்கள் மொத்தம் நாற்பத்து மூன்று. மூடியைத் திறந்து திறந்து பார்த்தேன். எதற்கும் பெயர் தெரியவில்லை. கடைசியில் வெள்ளைச் சோறு, தயிர், எலுமிச்சை ஊறுகாய் எடுத்துக்கொண்டு வந்தேன். மணி ஒன்று ஐம்பது. நாலே கால் பஸ்ஸுக்கு மூன்று மணிக்காவது ஸ்டாண்டில் நின்றால்தான் உட்கார இடம் கிடைக்கும். நடக்க அரை மணி. அப்படியானால் இரண்டரைக்குக் கிளம்ப வேண்டும். சாப்பிட நாற்பது நிமிஷம். நான் ஒன்பது நிமிஷத்தில் முடித்துவிட்டேன்.

அவள் தட்டில் இறால் நான்கு, மீன் ஒரு துண்டு, ஏதோ ஒரு சிவப்புக் குழம்பு. எதையும் தொடவில்லை. தலையை அண்ணாந்து கூரையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

இருதயராஜ் தண்ணீர் ஊற்ற வந்தான். "அம்மா, சாப்பாடு கீழ இருக்கு."

"இந்தக் கீத்து எந்த ஊரு தம்பி?"

"தெரியலயேம்மா. லாரில வரும், ஆளுவ வந்து வேய்ஞ்சிட்டுப் போவாவ."

"எப்ப வேஞ்சது?"

"மாசி மாசம்."

"மாசிலாமணி தையிலதான ஏத்துனான்" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். பிறகு எழுந்து இறவாரத்துப் பக்கம் போய்விட்டாள். பந்தியில் உட்கார்ந்தவள் பாதியில் எழுந்திருக்கலாமா? அந்த வடநாட்டுக் குடும்பம் ஆறு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது.

நாற்பத்தாறு பேர் ஆகிவிட்டது. மணி மூன்று ஐம்பத்தைந்து. அதோ வருகிறது அவள் இல்லை. சேலை அதே நிறம். வேறு யாரோ.

எங்கே விட்டேன்? இறவாரம். கூரை விளிம்பில் கீற்றுகளின் நுனி வரிசையாகத் தெரியும் இல்லையா, அதை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே போனாள். திடீரென்று ஒரு சிரிப்பு. சத்தமாக. கூடத்தில் அத்தனை பேருக்கும் கேட்டது.

"என்னங்க, இங்க வாங்க! இது எங் கை!"

இதை விளக்கிச் சொல்ல வேண்டும். கீற்று முடைந்து முடிக்கிற இடத்தில் கடைசி ஓலைகளை எல்லோரும் ஒரு முடிச்சுப் போட்டு விட்டுவிடுவார்கள். இவள் மட்டும் அப்படி விட மாட்டாள். மடித்துத் திருப்பி, இரண்டு பின்னல் உள்ளே தள்ளிச் செருகுவாள். எங்கள் தெருவில் வேறு யாரும் அப்படிச் செய்வதில்லை. செய்தால் நேரம் வீணாகும். மற்றவர்கள் ஒரு நாளைக்கு நூறு முடைந்தால் இவளுக்கு எண்பத்தைந்துதான் தேறும். எல்லாக் கீற்றுக்கும் ஒரே கூலி. செருகினாலும் அதே, செருகாவிட்டாலும் அதே. அவள் முடையத் தொடங்கின வருஷத்திலிருந்து சொல்லிக்கொண்டே இருக்கிறேன். ஒரு நாளைக்குப் பதினைந்து. முப்பத்தொரு வருஷத்துக்கு எத்தனை போச்சு என்று ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து எண்ணிச் சொன்னேன். கேட்டுவிட்டு அடுத்த கீற்றை எடுத்து அதே மாதிரி செருகினாள்.

போய்ப் பார்த்தேன். செருகல் இருந்தது உண்மைதான். பொய் சொல்ல மாட்டேன். கடல் காற்றில் மற்றக் கீற்றுகளின் நுனியெல்லாம் பிரிந்து படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன. இவளுடையது அடிக்கவில்லை. அதனால் கண்டுபிடிப்பது சுலபம்.

"நீங்கதான் எண்ணுவீங்களே" என்றாள். "இந்தக் கூரையில எத்தனை என்னோடதுன்னு எண்ணிச் சொல்லுங்க. வெளியில ஏழு இருக்கு, அதையும் எண்ணிடுவோம்."

எனக்கும் கை துறுதுறுத்தது. எண்ணிக்கை என்றால் விட மனசு வராது. மண்டியில் ஒன்று என்று சொல்லித் தொடங்க மாட்டோம், லாபம் என்றுதான் தொடங்குவோம். பழக்கத்தில் அப்படியே வாய்விட்டு, "லாபம், ரெண்டு, மூணு" என்று போனேன். இருதயராஜும் தண்ணீர் ஜாடியைக் கையில் பிடித்தபடி பின்னாலேயே வந்தான். "ஐயா, அந்தத் தூணுக்குப் பக்கத்துல ஒண்ண விட்டுட்டீய" என்று காட்டிக்கூடக் கொடுத்தான். அப்படி ஒரு பக்கத்து இறவாரம் முடிந்தபோது பதினேழு.

அப்போது சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு முப்பத்தைந்து.

நிறுத்திவிட்டேன். "பதினேழு. போதும், கெளம்பு."

"இன்னும் மூணு பக்கம் இருக்கே."

"பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"போகட்டும். அடுத்த பஸ்ஸுல போவோம்."

"நாளைக்கு லோடு வருது தையலு."

"லோடு எப்பவும்தாங்க வருது." இன்னொரு கீற்றின் நுனியைத் தொட்டுப் பார்த்தாள். "எனக்குன்னு இதுவரைக்கும் ஏதாச்சும் எண்ணச் சொல்லிக் கேட்டிருக்கேனா?"

கேட்டதில்லை. அது நியாயம். ஆனால் நேரம் நேரம்தானே? நீங்களே சொல்லுங்கள்.

"சரி, நீங்க போயி எடம் போடுங்க. நா எண்ணிட்டு அரை மணியில வந்துர்றேன்" என்றாள்.

"ஒனக்கு எண்ணத் தெரியுமா?" என்று கேட்டேன். சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேட்டேன். அவளுக்கு இருபது வரைக்கும்தான் சரளமாக வரும். இருபது ஆனதும் ஒரு ஓலை நறுக்கை ஒதுக்கி வைத்துவிட்டு மறுபடியும் தொடங்குவாள். அந்த இளவட்டங்கள் மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். அவர்கள் எதற்குச் சிரித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அவர்களுக்குள் வேறு ஏதாவது இருந்திருக்கும்.

அவள் சிரிக்கவில்லை. "தெரிஞ்ச வரைக்கும் எண்ணுறேன்" என்றாள்.

படியிறங்கி மணலில் போனாள். மணல் கொதிக்கிறது என்று நான்தான் கத்தினேன். கூரை நிழலிலிருந்து அடுத்த கூரை நிழலுக்குக் குதிகாலைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அறுபத்திரண்டு வயது அவளுக்கு. முதல் குடைக்கடியில் நின்று அண்ணாந்து, விரலை நீட்டி நீட்டி எண்ணத் தொடங்கினாள். சாய்வு நாற்காலியில் படுத்திருந்த வெள்ளைக்கார அம்மாள் எழுந்து தானும் அண்ணாந்து பார்த்தாள்.

பெருசு என்று யாரைக் கூப்பிடுகிறார்? என்னையா? ஆள் வருதுங்க கண்டக்டர். வந்துகிட்டே இருக்கு. ஆமாம், டிக்கெட் ரெண்டு. ரெண்டுக்கும் எடுத்துடுறேன். பை அப்படியே இருக்கட்டும்.

பார்த்தீர்களா, எத்தனை பேர் கண் இந்த இடத்து மேல்! ஐம்பது. பை கிடக்கிற இதையும் பின்னால் ஒன்றையும் தவிர எல்லாம் நிறைந்துவிட்டது. இதைத்தான் நான் அங்கே சொன்னேன். நான் மட்டும் அங்கேயே நின்று எண்ணிக்கொண்டிருந்திருந்தால் இரண்டு பேரும் தஞ்சாவூர் வரைக்கும் நின்றுகொண்டே போக வேண்டியதுதான். அவளுக்கு முழங்கால் வலி. அதற்காகத்தானே ஓடி வந்தேன்? அவளுக்காகத்தான் ஜன்னல் பக்கம். பாண்டிச்சேரி தாண்டும் வரைக்கும் அங்கங்கே கடல் தெரியும்.

கிளம்பும்போது ஒன்றையும் மறக்கவில்லை. அந்த விஷயத்தில் என்னைக் குறை சொல்ல முடியாது. நாற்காலியிலிருந்து துண்டு. மேசையிலிருந்து கண்ணாடிக்கூடு. தூக்குச் சட்டி இரண்டு, ஒன்று காலி, ஒன்றில் புளிச்சோறு. குடை ஒன்று. செல்போன் எங்களுக்கு ஒன்றுதான், அதுவும் என்னிடம். படியில் கழற்றிப் போட்ட செருப்பை அங்கே பார்வைக்கு நன்றாக இல்லை என்றோ என்னவோ எடுத்து இந்தத் துணிப்பையில் போட்டு வைத்திருந்தார்கள். இருதயராஜ் வாசல் வரைக்கும் கொண்டு வந்து கொடுத்தான். அவன் எதிரிலேயே பிரித்து எண்ணினேன். நான்கும் சரி. எந்தக் கோயிலுக்குப் போனாலும் செருப்பு டோக்கன் என் கையில்தான் இருக்கும். அவளுக்கு எங்கே கழற்றினோம் என்பதே நினைவிருக்காது. கல்யாணமான நாளிலிருந்து ஒரு செருப்புத் தொலைந்ததில்லை.

"அம்மா வரலியாய்யா?" என்று கேட்டான் அவன்.

"பின்னால வருவாங்க."

"நான் வேணா மிச்சத்த எண்ணிக் குடுக்கட்டுமா?"

"வேண்டாம். நீ வேலயப் பாரு" என்றுவிட்டு வந்தேன்.

வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். அந்த வாசலிலிருந்து இந்த ஸ்டாண்டு வரைக்கும் இரண்டாயிரத்து அறுநூற்று நாற்பது காலடி. எண்ணிக்கொண்டேதான் வந்தேன். வழியில் ஒரு மரம் கிடையாது. தார் இளகிக் கிடக்கிறது, இரண்டு இடத்தில் செருப்பு ஒட்டிக்கொண்டு கழன்றுவிட்டது. கால் தரையில் பட்டதும் உயிர் போய்விட்டது. ஒரு வினாடிதான் பட்டிருக்கும், இங்கே பாருங்கள், எப்படிச் சிவந்திருக்கிறது.

மணி நாலு ஒன்பது. டிரைவர் ஏறிவிட்டார்.

ஏன் இன்னும் காணோம்? நடையில் அவள் என்னைவிட வேகம். முழங்கால் வலித்தாலும் வேகம். எண்ணிக்கை குழம்பி முதலிலிருந்து எண்ணுகிறாளோ என்னவோ. ஒரு குடைக்குப் பத்து நிமிஷம் என்றாலும் ஏழு குடைக்கு எழுபது. மூன்றே முக்காலுக்கு முடிந்திருக்கும். கிளம்பியிருப்பாள். கோபத்தில் வேண்டுமென்றே நிற்கிறவள் இல்லை. சொன்னால் சொன்ன நேரத்துக்கு வந்துவிடுவாள். இதுவரைக்கும் வந்திருக்கிறாள். அப்படியென்றால் ஏன்?

ஐம்பத்தொன்று. பின்னால் இருந்ததும் போய்விட்டது. இனி இந்த ஒன்றுதான்.

என்ன தம்பி, பையையே பார்க்கிறீர்கள்? உட்கார வேண்டுமா? இல்லையா? பின்னே? என்ன இருக்கிறது என்றா கேட்கிறீர்கள்? சொன்னேனே, ஓட்டலில் கொடுத்த பை. உள்ளே...

பொறுங்கள்.

கண்டக்டர், விசில் அடிக்காதீங்க. ஒரு நிமிஷம். ஒரே ஒரு நிமிஷம். இறங்கணும். டிக்கெட் இருக்கட்டும், பரவாயில்லை. தம்பி, அந்தத் தூக்குச் சட்டி இரண்டையும் எடுத்துக் கொடுங்கள். குடையையும். நீங்கள் ஜன்னல் பக்கம் உட்காருங்கள். உட்காருங்கள், இனி யாரும் வரப்போவதில்லை. கொஞ்சம் வழி விடுங்கம்மா, வழி விடுங்க.

எண்ணிக்கையில் தப்பில்லை தம்பி. கழற்றியது நான்கு. எண்ணி வாங்கியது நான்கு. என் காலில் இரண்டு.

மிச்சம் இரண்டு.